43 வயது, ஓசூர் கம்பெனி வேலை, பி.எஃப்.பில் 1.82 லட்சம்: ஓய்வுக் காலத்துக்கு இனி என்ன செய்யலாம்?

காரிமங்கலத்தான்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் லைனில் இருந்த ஓர் அண்ணனுக்கு ஓய்வு. 58 முடிந்தது. கேன்டீனில் சால்வை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள். திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். கடிகார டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சூளகிரி தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பென்ஷன் 2,300 வருமாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் எல்லாம் கடந்து நான் இறங்கும் வரை எனக்கும் பேச்சு வரவில்லை.

என் நிலவரம் இதுதான். கைக்கு வரும் சம்பளம் 26,000. பேசிக் 17,000. மனைவிக்கு 35 வயது, வீட்டிலேயே தையல், மாதம் 4,000 அளவுக்கு வரும். பிள்ளைகள் இருவரும் பள்ளியில். படிப்புச் செலவும் கடனும் போக, வீடு ஓட 20,000 ஆகிறது. இது எனக்கு மூன்றாவது கம்பெனி. முதல் கம்பெனியில் 7 வருடம், அடுத்ததில் 8 வருடம், இங்கே 5 வருடம். முதல் கம்பெனியை விட்டதும் பி.எஃப். முழுவதையும் எடுத்து வீட்டுக்குக் கான்கிரீட் போட்டேன். இரண்டாவதை விட்டு எடுத்த பணத்தில் போர் போட்டோம். 850 அடி போயும் புகைதான் வந்தது. இரண்டு முறையும் படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பங்கையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். இப்போது பாஸ்புக்கில் 1,82,000 இருக்கிறது.

மாதம் 5,000 ஒதுக்க முடியும். மச்சான் பைபாஸ் பக்கம் 9 லட்சத்துக்கு ஒரு மனை பார்த்துவைத்து, பாதிக்குமேல் கடன் போட்டு வாங்கச் சொல்கிறார். லைனில் பையன்கள் எஸ்.ஐ.பி. (மாதா மாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) என்கிறார்கள். வீட்டம்மாவுக்கு ஊரில் ஒரு சீட்டில் சேர ஆசை. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டுக்கூடு

மனையை விடாதீங்க அண்ணா. எங்க அப்பா தர்மபுரியில் 2006-ல் வாங்கிய இடம் இன்றைக்குப் பல மடங்கு. மண்ணில் போட்ட காசு எங்கேயும் போகாது.

ஓய்வுபெற்ற தபால்காரர்

தம்பி, மனை, சீட்டு என்று போவதற்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான் 34 வருடம் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தபால் வேலை பார்த்தவன். பணத்தைக் கட்ட வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அழுதுகொண்டே எடுக்க வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

உங்களுக்கு 58 ஆக இன்னும் 15 வருடம். இன்றைய 20,000 ரூபாய் செலவு, விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், அன்றைக்கு 48,000 பக்கம் வந்து நிற்கும். அதே பருப்பு, அதே எண்ணெய், அதே கேஸ் சிலிண்டர்தான்.

இனி வரவு. உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 2,040. கம்பெனி பங்கும் 2,040, ஆனால் அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். ஆக, பி.எஃப்.பில் மாதம் 2,830 ஏறுகிறது. 2024-25-க்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி, இதே சம்பளம் என்று வைத்தால், இருக்கிற 1.82 லட்சமும் சேர்ந்து 58-ல் 15 லட்சத்தை ஒட்டி வரும். சம்பளம் ஏறினால் இன்னும் கூடும்.

பென்ஷனுக்கான சூத்திரம் எளிது. பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. இந்த 5 வருடமும் வரப்போகும் 15-ம் சேர்த்தால் 20. இருபது முடித்தவருக்கு 2 வருடம் கூட்டிக் கொடுப்பார்கள். 15,000-ஐ 22-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 4,714 ரூபாய்.

அந்த 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் (2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம்) மாதக் கணக்கில் 10,250 வரும். பென்ஷனும் சேர்த்து 15,000 பக்கம். தேவையோ 48,000. இன்றைய விலையில் சொன்னால், 6,200 ரூபாயில் நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் ஒரு மாதம் ஓட்டுவதற்குச் சமம்.

பயமுறுத்த எழுதவில்லை. உங்களுக்கு இன்னும் 15 வருடம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். என்னிடம் 57-ல் வந்து கேட்டவர்களுக்குச் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

இன்னொன்று. கம்பெனி மாறினால் பி.எஃப்.பை எடுக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனி மாறினாலும் மாறாத யூ.ஏ.என். எண் ஒன்றே போதும். பென்ஷன் கிடைக்க மொத்தம் 10 வருடச் சேவை வேண்டும். முன்பு 7 வருடம், 8 வருடம் என்று இரண்டு தடவை பத்தைத் தொடாமலேயே துடைத்து எடுத்துவிட்டீர்கள். இந்தத் தடவை அது நடக்கக் கூடாது.

காரிமங்கலத்தான்

ஐயா, ராத்திரி இதைப் படித்துவிட்டு மனைவியிடமும் காட்டினேன். ஒரு நோட்டில் அவளே திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதே 15,000-தான் வந்தது. 10சி போடும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். "இரண்டு மாசம் வேலைக்குப் போகாமல் இருந்தால் முழுசா வரும்" என்று மட்டும்தான் சொன்னார்கள்.

அரூர் தையல்கடை

தம்பி, வீட்டம்மாவும் தையல் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. சீட்டைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒருத்தர் 12 வருடமாக ஏலச்சீட்டு நடத்தினார். ஒரு தடவைகூடப் பணம் தள்ளிப்போனதில்லை. அந்த நம்பிக்கையில் 2 லட்ச ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தேன். கசர் (ஏலத் தள்ளுபடியில் வரும் பங்கு) ஆசைக்குக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். 17 மாதம் கட்டியிருந்தேன். ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனால் அவர் வீட்டு வாசலில் கூட்டம், கதவில் பூட்டு. என் கையில் இருந்தது அவர் கைப்பட எழுதிய சின்ன நோட்டு மட்டும்தான். பதிவு எண் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் போட்ட கையெழுத்து. இன்னும் அதைத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருக்கிறேன்.

சீட்டே தப்பு என்று சொல்ல மாட்டேன். என் பெரிய பெண்ணின் கல்லூரிக் கட்டணம் ஒரு பதிவுச் சீட்டில் எடுத்த பணம்தான். 1982-ல் வந்த சிட் நிதிச் சட்டப்படி பதிவு செய்தது என்றால், சீட்டு ஆரம்பிக்கும் முன்பே பதிவாளரிடம் அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கி, நகல் கொடுத்திருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். "நம்ம ஊர் ஆள்தானே, எதுக்குப் பேப்பர்" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பதிவுச் சீட்டாகவே இருந்தாலும் இரண்டு மூன்று வருடத் தேவைக்குத்தான் அது. 60 வயதுக் காசை அதில் வைக்க வேண்டாம்.

சந்தூர் மாந்தோப்பு

நிலம் என்றதும் நானும் சொல்லியாக வேண்டும். எனக்கு 67. சந்தூர் பக்கம் நாலு ஏக்கர் மா. பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் மல்கோவா. தோப்பு இருக்கும்போது ஓய்வுக்குத் தனியாக எதற்குச் சேமிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மாமரம் வருடத்துக்கு ஒரு தடவைதான் காசு கொடுக்கும். ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஏமாற்றும். காய்த்த வருடத்தில் கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை கட்டி நிற்கும். கிலோ 5 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்ததும் உண்டு, பறிகூலி கட்டாது என்று மரத்திலேயே விட்டதும் உண்டு. மருந்துக் கடைக்காரருக்கோ மாதா மாதம் காசு வேண்டும். எனக்குச் சர்க்கரை, வீட்டம்மாவுக்கு பி.பி. அரை ஏக்கரை விற்கலாம் என்றால் வருகிறவன் ரோடு ஓரத்தைத்தான் கேட்கிறான். நிலம் இருக்கிறது, ஆனால் செவ்வாய்க்கிழமை 800 ரூபாய் வேண்டுமென்றால் அதில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்து மாத்திரை வாங்க முடியாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். 60 முடிந்த வருடமே மூன்று ஏக்கரை இரண்டு பையன்களுக்கும் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். பையன்கள் கெட்டவர்கள் இல்லை. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது. என் தோப்பில் நான் நட்ட மரத்துக்குக் கீழே நின்று சின்னவனிடம் மாத்திரைக்குக் கேட்கும்போது அவன் பர்ஸை எடுப்பதற்குள் ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு ரொம்ப நீளம்.

எழுதிக் கொடுக்க நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் வைத்து எழுதுங்கள். இல்லை, உயிலாக எழுதிவைத்துவிடுங்கள். பத்திரத்தில் எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பிரிவு 23 இருக்கிறது. அந்த நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையில் இருக்கும் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். என் பத்திரத்தில் அந்த வரி இல்லை. எழுதியவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

பட்டுக்கூடு

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நான் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எங்க அப்பா இடம் விலை ஏறியது உண்மைதான். ஆனால் அது முழுக்கக் கைக்காசில் வாங்கியது, அவருக்கு அரசு பென்ஷனும் வருகிறது. அண்ணன் விஷயத்தில் கடன் போட வேண்டும். 5 லட்சம் கடன் என்றாலே அந்த மாதம் 5,000-மும் தவணைக்கே போய்விடும், பத்தாமலும் போகும். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி இருக்கிறதா என்றாவது பாருங்க அண்ணா. இல்லையென்றால் பேச்சையே விட்டுவிடலாம்.

பர்கூர் பையன்

அண்ணா, நான் பெங்களூருவில் வேலை, வயது 31. எஸ்.ஐ.பி. பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2017-ல் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 3,000 போட ஆரம்பித்தேன். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் பங்குச் சந்தையின் நிஃப்டி பட்டியலில் உள்ள 50 கம்பெனிகளையும் அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும். எது ஏறும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, அதனால் கட்டணமும் குறைவு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நான் போட்டிருந்த ஒரு லட்சத்து சொச்சம் 75,000 பக்கம் வந்து நின்றது. அம்மா போனில் "இருக்கிறதையாவது எடுத்துடுப்பா" என்றார். எடுக்கவில்லை. அடுத்த மாதமும் 3,000 போனது. அந்த வருடக் கடைசிக்குள் போட்டதைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு எனக்கு அந்தக் காசு தேவைப்படவில்லை, அதனால்தான் பொறுக்க முடிந்தது. இரண்டு வருடத்தில் தேவைப்படும் காசு என்றால் இதில் போடவே கூடாது.

மாதம் 5,000, வருடம் 10 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் 15 வருடத்தில் 20 லட்சம் சொச்சம். சம்பளம் ஏறும்போதெல்லாம் போடுவதையும் வருடத்துக்கு 10 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் 35 லட்சம் வரை வரலாம். அந்த 10 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவரை நம்பாதீங்க. வாங்கும்போது டைரக்ட் பிளான் என்று பார்த்து வாங்குங்க. இடையில் ஏஜெண்ட் கமிஷன் கிடையாது.

ஓய்வுபெற்ற தபால்காரர்

பர்கூர் தம்பி சொன்ன கடைசி வரியை நானும் அழுத்திச் சொல்கிறேன். 2012-ல் நம் பக்கத்தில் ஈமு கொட்டகைகள் காலியாக நின்றது பலருக்கும் நினைவிருக்கும். மாதம் இவ்வளவு நிச்சயம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். என்னிடம் கிசான் விகாஸ் பத்திரத்தை முன்கூட்டியே முறித்துக்கொண்டு போய் அதில் போட்டவர்களே ஏழெட்டுப் பேர். தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் போன பணம் திரும்பி வருவதற்குள் வயதும் போய்விடுகிறது.

எனக்குப் பங்குச் சந்தைப் பழக்கம் கிடையாது. அதற்காக உங்களை வேண்டாம் என்று தடுக்கவும் மாட்டேன். 15 வருடம் இருக்கிறது, விலைவாசியைத் துரத்திப் பிடிக்க அஞ்சலக வட்டி மட்டும் பத்தாது என்று என் கணக்கே சொல்கிறது. பாதியை அசையாத இடத்தில் வையுங்கள், பாதியை அதில் போடுங்கள் என்பேன்.

அசையாத இடத்துக்கு உங்களுக்குக் கிட்டத்திலேயே வழி இருக்கிறது. கம்பெனி அலுவலகத்தில் விருப்ப பி.எஃப். என்று எழுதிக் கொடுத்தால் 12 சதவீதத்துக்கு மேலும் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதே வட்டி. கைக்கு வரும் முன்பே பிடித்துவிடுவதால் மனம் மாறவும் வழியில்லை. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) என்றால் வருடத்துக்கு 500 முதல் 1.5 லட்சம் வரை கட்டலாம், 15 வருடம், 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1. அதில் ஒரு சின்ன விஷயம்: மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். 5-க்குப் பிறகு மாதக் கடைசி வரை இருக்கும் குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 6-ஆம் தேதி வந்து கட்டியவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் எழுதி ஒட்டியும் வைத்தேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு 35 என்றீர்கள். அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயது வரை சேரலாம், வருமான வரி கட்டாதவராக இருக்க வேண்டும். 35-ல் சேர்ந்தால் மாதம் 902 ரூபாய் கட்டி 60 முதல் 5,000 பென்ஷன். அவருக்குப் பிறகு உங்களுக்கு அதே தொகை, அதற்கும் பிறகு வாரிசுக்கு 8.5 லட்சம். 25 வருடம் கழித்து 5,000-க்கு இன்றைய 1,200 ரூபாயின் பலம்தான் இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் அவர் பெயரிலேயே, சாகும் வரை, யாரையும் கேட்காமல் வரும் காசு. சந்தூர் ஐயா எழுதியதைப் படித்தபின் அதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், இது அவசரம். ஓய்வுபெற்ற உங்கள் அண்ணனுக்குச் சொல்லுங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் சேர 60 ஆக வேண்டும் என்பதுதான் பொது விதி. 55-க்கு மேல் 60-க்குள் ஓய்வுபெற்றவரும் சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் கட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அரூர் தையல்கடை

மருத்துவக் காப்பீட்டை யாரும் சொல்லவில்லையே. கம்பெனி காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருட வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு வராது. சர்க்கரை, பி.பி. என்று எழுதும் முன்பே குடும்பத்துக்கு ஒன்று எடுத்துவிடுங்கள் தம்பி. என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்தபோது போனது எங்கள் நகை முழுவதும்.

காரிமங்கலத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மனை வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பண்டிகைக்கு வந்தால் சரியாகிவிடும். விருப்ப பி.எஃப். 2,000-க்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த சம்பளத்தில் பிடிப்பார்கள். இண்டெக்ஸ் ஃபண்டில் 2,000, மாதம் 7-ஆம் தேதி. மனைவியின் அடல் பென்ஷன் 902, அவள் தையல் கணக்கிலிருந்தே போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தாள். "என் காசுதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டாள். மீதி ஆயிரம் காப்பீட்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன், இரண்டு மூன்று பாலிசி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பி.எஃப். தளத்தில் போய்ப் பார்த்தால் நாமினி இடம் காலியாகவே இருந்தது. எங்கள் லைனில் விசாரித்தேன், 11 பேரில் 8 பேருக்குக் காலி. மனைவி போட்டோவைத் தளம் இரண்டு தடவை ஏற்கவில்லை. வெள்ளைச் சுவர் பக்கம் நிற்கவைத்து மறுபடி எடுத்து ஏற்றினோம். மறுநாள் டீ இடைவேளையில் மற்றவர்களுக்கும் செய்துகொடுத்தேன்.

ஓய்வுபெற்ற அண்ணனோடு போன திங்கள்கிழமை தர்மபுரி தலைமை அஞ்சலகம் போனேன். ஓய்வுபெற்ற தேதியும் வந்த தொகையும் போட்டுக் கம்பெனி கடிதம் வேண்டும் என்றார்கள். அது இல்லாமல் முதல் தடவை திரும்பினோம். கடிதம் வாங்கிக்கொண்டு வியாழக்கிழமை போய் 9 லட்சம் கட்டிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 18,450 வரும் என்று கவுண்டரில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சந்தூர் மாந்தோப்பு

என் பெயரில் மிச்சமிருக்கும் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அந்தக் காசை எனக்கும் வீட்டம்மாவுக்கும் சேர்த்து அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் போடலாமா ஐயா?

ஓய்வுபெற்ற தபால்காரர்

தாராளமாகப் போடலாம். கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை கட்டலாம், வட்டி 7.4. ஒரு லட்சத்துக்கு மாதம் 616 ரூபாய் வரும். சேமிப்புக் கணக்கையும் இருவர் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படுத்துவிட்டாலும் இன்னொருவர் எடுக்கலாம்.

காரிமங்கலம் தம்பி, உங்கள் அண்ணனின் பாஸ்புக் முதல் பக்கத்தில் நாமினி பெயர் அச்சாகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காரிமங்கலத்தான்

இப்போதுதான் போன் போட்டேன் ஐயா. கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே படித்துக் காட்டினார். அக்கா பெயர் இருக்கிறது.